தூரிகை யார் கையில், கத்தரி யார் கையில்?

கேட்டிருந்தது இது: "அமெரிக்காவில் லத்தீனா (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்) ஓவியர்கள் பலரைச் சமூகத்தோடு சேர்ந்து இயங்கும் கலைஞர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத் தூரிகையைக் கையில் கொடுத்துவிட்டால் அது சமூகக் கலை ஆகிவிடுமா? இவர்களில் பலர் சுவரோவியத்தோடு அச்சோவியமும் செய்கிறார்களே, அது ஏன்?"

ஆகிவிடாது. எத்தனை பேர் தூரிகை பிடித்தார்கள் என்பது இரண்டாம் பட்சம். படத்தில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கத்தரி பணம் கொடுப்பவரிடம் இருந்தால், ஊரே திரண்டு வந்து வண்ணம் பூசினாலும் அது பணம் கொடுத்தவரின் படம்தான். இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதோடு ஒட்டியதே. சுவர் எப்போதும் யாரோ ஒருவரின் சொத்து. அச்சோவியம் விழும் தாள் அப்படியல்ல.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடிபடாது. அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த பார்பரா கராஸ்கோ. சுவரோவியம், அச்சோவியம், தொழிற்சங்கப் பதாகை என்று மூன்றிலும் கை வைத்தவர். கத்தரி விஷயத்தில் ஒரு பெரிய நகரத்தின் நிர்வாகத்தோடு நேருக்கு நேர் நின்றவர்.

கராஸ்கோ 1955இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல்லையோர ஊரான எல் பாசோவில் பிறந்தார். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸில், மார் விஸ்டா கார்டன்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் கலை படித்து 1978இல் பட்டம் வாங்கினார். அவர் மாணவியாக இருந்த காலம் சிக்கானோ இயக்கம் சூடாக இருந்த காலம். சிக்கானோ என்பது அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர் அரசியல் உணர்வோடு தமக்கு வைத்துக்கொண்ட பெயர், பெண்பால் சிக்கானா. கலிபோர்னியா 1848 வரை மெக்சிகோவின் நிலம். போரில் நிலம் கைமாறியது, மக்கள் அங்கேயே இருந்தார்கள். நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது என்று அவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அன்றைய பள்ளிப் பாடத்தில் இந்தக் கதை இல்லை. அருங்காட்சியகங்களிலும் இல்லை. 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில், சிக்கானோக்கள் உயர்கலை செய்வதில்லை என்ற ரீதியில் பதில் வந்ததைக் கேட்டு, ஆஸ்கோ என்ற குழுவின் இளைஞர்கள் இரவோடு இரவாகப் போய் அந்தக் கட்டடத்தின் மீதே தங்கள் பெயர்களை ஸ்பிரே பெயிண்டில் எழுதிவிட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹாரி கம்போவா ஜூனியர் பிற்பாடு கராஸ்கோவின் கணவரானார்.

உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளிச்சுவருக்குப் போனார்கள். அதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1920களின் மெக்சிகோவில் டியேகோ ரிவேரா, ஓரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் மூவரும் அரசுக் கட்டடங்களின் சுவர்களைப் பொதுமக்களுக்கான வரலாற்றுப் பக்கங்களாக மாற்றியிருந்தார்கள். ஆனால் சிக்கானோ சுவரோவியம் பெரும்பாலும் ஆண்களின் வேலையாகவே தொடங்கியது. சாரம் கட்டி உயரத்தில் நின்று வேலை செய்வது பெண்களால் ஆகாது என்று பேசப்பட்ட காலம். சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் பட்ரீசியா ரோட்ரிகஸ், கிராசியேலா கரியோ, கொன்சுவேலோ மெண்டெஸ், இரேனே பெரெஸ் ஆகியோர் சேர்ந்து 'முஹெரெஸ் முராலிஸ்டாஸ்' (சுவரோவியப் பெண்கள்) என்ற குழுவாக 1974இல் வேலை செய்தபோது, சாரத்தைத் தாங்களே கட்டி, தாங்களே ஏறி, தாங்களே வரைந்தார்கள். படத்தில் புரட்சித் தலைவர்களுக்குப் பதில் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களும் குழந்தையோடு நிற்கும் தாய்மார்களும் வந்தார்கள். அரசியல் இல்லாத படம் என்று சிலர் குறை சொன்னதும் உண்டு. அந்தக் குறை எனக்கு ஒப்புதல் இல்லை. தன் தெருவில் தன் முகம் பெரிதாக வரையப்பட்டிருப்பதை முதன்முதலாகப் பார்க்கும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய அரசியல் என்ன இருக்கிறது?

கராஸ்கோவின் பயிற்சி இன்னொரு இடத்தில் நடந்தது. 1970களின் நடுவில் பல்கலைக்கழகத்தில் பேச வந்த விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் சேசர் சாவேஸைக் கேட்டுவிட்டு, அந்தச் சங்கத்துக்கு வேலை செய்ய முன்வந்தார். சுமார் 15 ஆண்டுகள் அந்தச் சங்கத்தின் மாநாடுகளுக்கும் பேரணிகளுக்கும் பெரிய பெரிய பதாகைகள் வரைந்து கொடுத்தார். கலை விமர்சகர்கள் இந்தப் பதாகைகளை லேசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணக்கில் அவருடைய கலையின் அடித்தளமே இதுதான். பதாகை வரைபவருக்குத் தன் பார்வையாளர் யார் என்பதில் சந்தேகம் இருக்காது. திராட்சைத் தோட்டத்தில் பத்து மணி நேரம் குனிந்து வேலை செய்தவர் நூறடி தூரத்தில் நின்று பார்க்கிறார். ஒரு நொடியில் அவருக்குப் புரிய வேண்டும். அதே சமயம் அவரைக் குழந்தையாகப் பாவிக்கவும் கூடாது. பெரிய உருவம், தெளிவான கோடு, தேவையில்லாத எதுவும் கிடையாது. கராஸ்கோவின் பிற்காலப் படைப்புகள் எல்லாவற்றிலும் அந்தக் கை தெரிகிறது.

சரி, 1981க்கு வருவோம். அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு 200 வயது. 1781இல் 44 குடியேறிகள் சேர்ந்து தொடங்கிய ஊர் அது. அவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடி, ஆப்பிரிக்க வம்சாவளிக் கலப்பினர். விழாவை ஒட்டி நகரத்தின் மறுசீரமைப்பு முகமை ஒரு சுவரோவியம் கேட்டது. நகர மையத்தில் பிராட்வே தெருவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கட்டடத்தின் வெளிச்சுவர் அதற்கு ஒதுக்கப்பட்டது. கராஸ்கோவுக்கு அப்போது 26 வயது இருக்கும். அவர் வரைந்தது 16 அடி உயரம், 80 அடி நீளம். நேரடியாகச் சுவரில் வரையாமல் 43 பலகைகளில் வரைந்து, பிறகு சேர்த்து மாட்டுவதாகத் திட்டம். தலைப்பு 'எல்.ஏ. வரலாறு: ஒரு மெக்சிகப் பார்வை'. கோடை கால வேலைத் திட்டத்தின் வழியே வந்த உள்ளூர் இளைஞர்களும் இரேய்னா செர்வாந்தெஸ் போன்ற சக ஓவியர்களும் கூட நின்று வரைந்தார்கள்.

படத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு பெண்ணின் முகம். அவள்தான் நகரம், ஊரின் பழைய ஸ்பானியப் பெயரில் வரும் தேவதைகளின் அரசி. தன் சகோதரியை மாதிரியாக வைத்து கராஸ்கோ அந்த முகத்தை வரைந்தார். அவளுடைய கூந்தல் அவிழ்ந்து, அலையலையாக 80 அடிக்கும் ஓடுகிறது. ஒரு கற்றைக்கும் அடுத்த கற்றைக்கும் இடையே ஒவ்வொரு காட்சி. மொத்தம் 51 காட்சிகள். வரலாற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆண்டு போட்டு அடுக்கவில்லை. ஒரு சம்பவம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே தலையில் விளைந்த முடியாக ஓடுகிறது. அழகுக்காகச் செய்த ஏற்பாடு என்று முதல் பார்வையில் தோன்றும். பிறகுதான் அதன் வலு விளங்கும். நடுவிலிருந்து ஒரு காட்சியை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் கூந்தலை அறுத்துத்தான் எடுக்க முடியும்.

அறுக்கத்தான் சொன்னார்கள். 14 காட்சிகளை நீக்க வேண்டும் என்று முகமை கேட்டது. எவை என்று பார்த்தால் பிரச்சினை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். 1871 அக்டோபர் 24 அன்று சீனர் குடியிருப்பில் ஒரு கும்பல் புகுந்து குறைந்தது 18 பேரைக் கொன்ற சம்பவம் படத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலிலிருந்து பிடுங்கி முள்வேலி முகாம்களில் அடைத்தது இருந்தது. 1943 ஜூனில் கடற்படையினரும் சிப்பாய்களும் தெருத்தெருவாகப் போய், தொளதொள சூட் அணிந்த மெக்சிக இளைஞர்களை அடித்து உடையை உருவிய ஜூட் சூட் கலவரம் இருந்தது. அடிமையாகப் பிறந்து, 1856இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் விடுதலை பெற்று, மருத்துவச்சியாகச் சம்பாதித்த காசில் நகர மையத்தில் நிலம் வாங்கி, ஊருக்கே உதவிய பிடி மேசனும் இருந்தார்.

இவற்றோடு இன்னொரு காட்சி: வெள்ளையடிக்கப்படும் ஒரு சுவரோவியம். 1932இல் சிக்கெய்ரோஸ் லாஸ் ஏஞ்சலஸின் ஒல்வேரா தெருவில் 'அமெரிக்கா ட்ரோப்பிகல்' என்ற படத்தை வரைந்தார். சுற்றுலாப் பயணிகளுக்காக அழகிய வெப்பமண்டலக் காட்சி ஒன்றை எதிர்பார்த்தவர்களுக்கு, அமெரிக்கக் கழுகின் கீழே சிலுவையில் அறையப்பட்ட பூர்வகுடி மனிதன் கிடைத்தான். சில ஆண்டுகளுக்குள் படம் முழுவதும் வெள்ளையடிக்கப்பட்டது. கெட்டி (Getty) என்ற கலை நிறுவனத்தின் பாதுகாப்புப் பணிக்குப் பிறகு 2012இல்தான் மறுபடி மக்கள் பார்வைக்கு வந்தது. ஆக, மறைக்கப்பட்ட ஒரு சுவரோவியத்தைப் பற்றிய காட்சியையும் மறைக்கச் சொன்னார்கள்.

தலைப்பில் மெக்சிகப் பார்வை என்று இருக்கிறது. ஆனால் நீக்கச் சொன்ன காட்சிகளில் சீனர்கள், ஜப்பானியர்கள், கறுப்பினப் பெண் ஒருவர் எல்லாரும் இருக்கிறார்கள். தன் இனத்தின் காயங்களை மட்டும் பட்டியல் போட்டிருந்தால் கராஸ்கோவை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் மெக்சிகப் பார்வை. பார்வையில் படுவது ஊர் முழுக்க. சமூகம் என்ற சொல்லைப் பலர் தன் ஆட்கள் என்ற பொருளில் சுருக்கிவிடுகிறார்கள். இந்த ஓவியம் அதை விரிக்கிறது. இவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முக்கியமான காரணம்.

கராஸ்கோ ஒரு காட்சியையும் எடுக்க மறுத்தார். படம் சுவருக்கு ஏறவில்லை. யாருக்குச் சொந்தம் என்ற தகராறும் எழுந்தது. கடைசியில் ஓவியம் அவரிடமே தங்கியது. இங்கேதான் அந்த 43 பலகைகள் காப்பாற்றின. சுவரிலேயே வரைந்திருந்தால் ஒரு வாளி வெள்ளையோடு கதை முடிந்திருக்கும். பலகை என்பதால் சேமிப்புக் கிடங்குக்குப் போனது. 1990இல் யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்தில் சில நாள் மாட்டினார்கள். பிறகு மறுபடி கிடங்கு. 2017இல் மீண்டும் அதே ரயில் நிலையம். 2018 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதை முழுதாகக் காட்சிக்கு வைத்தது. கண்காட்சியின் பெயரே 'தணிக்கையின்றி'. 1981இல் படத்துக்காகத் தகவல் தேடியபோது கராஸ்கோ உதவி கேட்டுப் போனது இதே அருங்காட்சியகத்தின் வரலாற்று ஆய்வாளரிடம்தான். 2020இல் அருங்காட்சியகம் அதை வாங்கியது. 2024 நவம்பரில் திறந்த புதிய பகுதியில், டிக்கெட் இல்லாமலே யாரும் உள்ளே போய்ப் பார்க்கும் இடத்தில், நிரந்தரமாக மாட்டிவிட்டார்கள். வரைந்ததற்கும் நிலையான சுவர் கிடைத்ததற்கும் இடையே 43 ஆண்டுகள்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிராட்வே தெருவில் தினம் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்காக வரைந்த படம் அது. அந்தத் தெருவில் நின்றிருக்க வேண்டிய இரண்டு தலைமுறை அதைப் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தில் இலவசமாக இருந்தாலும், அங்கே போக வேண்டும் என்று நினைத்துக் கிளம்புபவர்தான் பார்க்க முடியும். தெருவில் இருந்திருந்தால் நினைக்காதவரும் பார்த்திருப்பார். தணிக்கை படத்தை அழிக்கவில்லை, ஆனால் அதன் பார்வையாளரை மாற்றிவிட்டது.

கராஸ்கோவின் படத்தில் வடிவமைப்பு முழுக்க அவருடையது; இளைஞர்கள் வரைய உதவினார்கள். இதற்கு நேர்மாறான இன்னொரு முறையும் அதே ஊரில் உண்டு. சிக்கானா ஓவியர் ஜூடி பாக்கா 1976இல் தொடங்கிய 'லாஸ் ஏஞ்சலஸின் பெருஞ்சுவர்', வெள்ளநீர்க் கால்வாய் ஒன்றின் கான்கிரீட் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு ஓடுகிறது. 1983 வரை ஐந்து கோடைகளில் 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் வேலை செய்தார்கள். சிறார் நீதித் துறையின் பிடியில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. வேலைக்குச் சம்பளம் உண்டு. வரலாற்றாய்வாளர்கள் வந்து பேசினார்கள், அந்தக் காலத்தை வாழ்ந்து பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள், அதற்குப் பிறகுதான் கோடு விழுந்தது. எந்த முறை உசத்தி? இரண்டுமே தகும் என்பது என் கருத்து. சமூகக் கலை என்றால் எல்லாவற்றையும் ஓட்டெடுப்பில் முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படிச் செய்தால் யாரையும் உறுத்தாத, கைகோத்து நிற்கும் குழந்தைகளும் பூக்களும் கொண்ட படம்தான் பெரும்பாலும் கிடைக்கும். தேர்ந்த ஓவியர் ஒருவர் பொறுப்பெடுத்து, ஆராய்ந்து, கேட்டு, பிறகு தன் கையால் வடிவம் கொடுப்பதில் தப்பே இல்லை. கேட்டதற்கு அவர் உண்மையாக இருந்தாரா என்பதே கேள்வி.

இப்போது அச்சுக்கு வருவோம். சுவரோவியத்துக்கு அனுமதி வேண்டும், சாரம் வேண்டும், சொந்தக்காரர் மனம் வைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் தனியார் கட்டடங்களில் புதிய சுவரோவியத்துக்கே 2002 முதல் 2013 வரை தடை இருந்தது. 1990இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், பெயர்த்தெடுக்கக்கூடிய ஓவியம் இருக்கும் கட்டடத்தில் கை வைக்குமுன் ஓவியருக்கு 90 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. அது நல்ல சட்டம்தான், ஆனால் சட்டம் வருவதற்குள் எத்தனையோ சுவர்கள் போய்விட்டன. அச்சோவியத்துக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. ஒரு மேசை, ஒரு சட்டகம், மை, தாள்.

இவர்கள் அதிகம் பயன்படுத்துவது ஸ்கிரீன் பிரிண்டிங். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அச்சடிக்கிற அதே முறைதான். சட்டகத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய வலைத்துணி. படத்தில் ஒரு நிறம் எங்கே விழ வேண்டுமோ அங்கே மட்டும் வலைக்கண்கள் திறந்திருக்கும், மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்கும். மேலே மையை ஊற்றி, ரப்பர் விளிம்பு வைத்த ஸ்க்வீஜியை ஒரே சீரான அழுத்தத்தில் இழுக்க வேண்டும். இழுப்பில் கை கொஞ்சம் தயங்கினாலும் அந்த இடத்தில் மை திட்டாக நிற்கும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். பத்து நிறம் என்றால் ஒவ்வொரு தாளும் பத்து முறை மேசைக்கு வந்து போக வேண்டும், ஒவ்வொரு முறையும் காய வேண்டும், மயிரிழை பிசகாமல் முந்தைய நிறத்தின் மேல் உட்கார வேண்டும். கடைசியில் ஒவ்வொரு பிரதியிலும் எண் போட்டுக் கையெழுத்து. தனியாகச் செய்வது கஷ்டம். ஒருவர் தாளை வைக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் எடுத்துக் காயப்போட என்று ஆள் வேண்டும். தொழில்நுட்பமே கூட்டாக வேலை செய்ய வைக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸில் அந்தக் கூட்டு வேலைக்கான இடம் 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்'. பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரி கேரன் பொக்கலேரோ, கார்லோஸ் புவேனோ, அந்தோனியோ இபான்யெஸ் முதலான ஓவியர்களோடு சேர்ந்து 1970இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கியது. 1970களின் நடுவில் ஒரு வேனைக் கலைக்கூடமாக மாற்றிப் பள்ளிக்கூடங்களுக்கும் தெருமுனைகளுக்கும் ஓட்டிப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் அச்சோவியப் பட்டறை நிலைபெற்றது. ஓவியர் ஒரு படத்தோடு வருவார். கைதேர்ந்த அச்சாளர் கூட நின்று அதை நிறம் நிறமாகப் பிரித்து அச்சாக்குவார். பிரதிகளில் ஒரு பங்கு ஓவியருக்கு, ஒரு பங்கு நிறுவனத்துக்கு. நிறுவனம் தன் பங்கை விற்று அடுத்த ஓவியருக்கு மை வாங்கும். கடன் இல்லை, நன்கொடையாளருக்காகக் காத்திருப்பதும் குறைவு. பொக்கலேரோ 1997இல் இறந்தார், இடமும் சிலமுறை மாறியது, ஆனால் பட்டறை ஓடிக்கொண்டிருக்கிறது. சமூகக் கலை என்று பேசுகிறவர்கள் படங்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், இப்படிப்பட்ட காசுக் கணக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கத்தரியும் இருக்கும் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கராஸ்கோ 1999இல் அந்தப் பட்டறையில் செய்த அச்சு 'டொலோரஸ்'. டொலோரஸ் ஹுவெர்டா 1962இல் சாவேஸோடு சேர்ந்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர். ஒப்பந்தப் பேச்சுகளை முன்னின்று நடத்தியவர். 'நம்மால் முடியும்' என்ற சங்கத்தின் முழக்கத்தைத் தந்தவர். ஆனால் சிலையும் தெருப் பெயரும் முதலில் சாவேஸுக்கே வந்தன. கராஸ்கோ பெரிய எழுத்தில் முதற்பெயரை மட்டும் வைத்தார். சேசர் என்றால் எல்லாருக்கும் தெரிகிறதல்லவா, டொலோரஸ் என்றாலும் தெரிய வேண்டும். சங்கத்தில் பல ஆண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்தவர் செய்த படம் இது. வெளியிலிருந்து வந்த ஓவியர் ஒருவருக்கு இந்தக் குறை கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவர் அச்சில் சொன்னவற்றில் தன் சமூகத்தையே கேள்வி கேட்டதும் உண்டு. 1978இல் கல் அச்சு முறையில் செய்த 'நூல் உருண்டைக்குள் கர்ப்பிணி' என்ற படத்தில், நிறைமாதப் பெண் ஒருத்தி பின்னலுக்கான நூலில் சிக்கிக் கட்டுண்டு கிடக்கிறாள், முகத்தில் பீதி. கர்ப்பமான மனைவியை வீட்டோடு இருக்கச் சொல்லும் ஆண்களைத் தன் குடும்பத்துக்குள்ளேயே பார்த்ததிலிருந்து பிறந்த படம். இதைத் தெருச்சுவரில் எண்பது அடிக்கு வரைந்திருக்க முடியாது. கையில் பிடித்துப் பார்க்கும் அளவில், ஒருவர் தனியாக இருந்து பார்க்கும்போதுதான் இது வேலை செய்யும். சுவர் ஊரோடு பேசுவதற்கு என்றால், வீட்டுக்குள் பேச அச்சு வேண்டியிருந்தது.

அச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு ஓவியரைச் சொல்லாமல் இருக்க முடியாது. முஹெரெஸ் முராலிஸ்டாஸ் குழுவோடும் வேலை செய்த எஸ்தர் ஹெர்னாண்டெஸ், கலிபோர்னியாவின் டினூபா என்ற திராட்சை ஊரில் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஊரின் கிணற்று நீரில் பூச்சிமருந்து கலந்திருப்பது தெரிந்ததும், எல்லாருடைய சமையலறையிலும் இருந்த உலர்திராட்சை டப்பாவின் படத்தை எடுத்து, கூடையோடு சிரிக்கும் பெண்ணின் இடத்தில் எலும்புக்கூட்டை வைத்தார். டப்பாவில் இருந்த 'Sun-Maid' என்ற பெயரை 'Sun Mad' என்று திரித்த அந்த ஸ்கிரீன் அச்சு 1982ஐச் சேர்ந்தது. இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அதே நோக்கத்தில் கராஸ்கோ 1989இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்து மின்பலகைக்கு 'பூச்சிமருந்துகள்!' என்ற சின்ன அசைபடம் செய்தார். வயலில் வேலை செய்பவர் மேல் தெளிக்கும் விஷம் சாப்பிடுபவரின் தட்டுக்கும் வருகிறது என்பதை, விளம்பரங்களுக்கு நடுவே, விளம்பரத்தின் மொழியிலேயே காட்டினார். முந்தைய ஆண்டுதான் சேசர் சாவேஸ் பூச்சிமருந்துக்கு எதிராக 36 நாள் உண்ணாவிரதம் இருந்து முடித்திருந்தார். சங்கத்தின் போராட்டம், பதாகை, மின்பலகை மூன்றும் ஒரே வேலையின் மூன்று கைகள்.

சுவர் அழிந்தால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குச் சான் பிரான்சிஸ்கோவின் ஹுவானா அலிசியா ஒரு பதில் வைத்திருக்கிறார். அவரும் அச்சோவியம் செய்பவர். கலிபோர்னியாவின் சாலினாஸ் பகுதியில் கர்ப்பிணியாக லெட்டூஸ் கீரை வயலில் வேலை செய்து, பூச்சிமருந்தின் பாதிப்பை உடம்பில் அனுபவித்தவர். 1983இல் 24ஆம் தெருவும் யார்க் தெருவும் சந்திக்கும் மூலையில் 'லாஸ் லெச்சுகேராஸ்' என்று, லெட்டூஸ் வெட்டும் பெண்களை வரைந்தார். இருபது ஆண்டில் தண்ணீர் கசிந்து சுவர் கெட்டுப்போனது. அதே சுவரில் 2004இல் புதிய படத்தை அவரே வரைந்தார். லத்தீன் அமெரிக்கப் பழங்கதையில் ஆற்றங்கரையில் அழுதுகொண்டே திரியும் யொரோனாவை மையமாக வைத்து, தண்ணீருக்காகப் போராடும் பெண்களின் படமாக அதைச் செய்தார். தண்ணீரைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்த பொலிவியாவின் கொச்சபம்பா மக்கள் அதில் இருக்கிறார்கள். மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் கொல்லப்பட்ட பெண்களுக்காகக் கறுப்பு உடுத்தி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அணைக்கு எதிராக, வீட்டுக்குள் ஏறிய வெள்ளத்தில் நின்று போராடும் நம் நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களும் இருக்கிறார்கள். மிஷன் பகுதியில் இந்தியர் குடியிருப்பு என்று ஒன்றும் கிடையாது. தங்கள் தண்ணீர்ப் பிரச்சினையை வரைய உட்கார்ந்தவர் எங்கள் ஆட்கள் என்ற பட்டியலில் நர்மதையையும் சேர்த்துக்கொண்டார். சான் பிரான்சிஸ்கோ பக்கம் போக வாய்ப்பிருந்தால் அந்த மூலைக்குப் போய்ப் பாருங்கள். பகலில் போவது நல்லது. நீலம் மேலோங்கிய படம், வெயிலில்தான் அதன் ஆழம் தெரியும்.